மின்சொல் வேந்தர்

இந்த நாட்டின் மின்சாரக் கொள்கையை நேராக்கிவிடுவது என்று நான் முடிவெடுத்த இடம் ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடை. என் வீட்டின் மின்சாரக் கொள்கையை நேராக்கிவிடுவது என்று முடிவெடுத்த இடம் என் வீட்டு வாசல், மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே. முதல் முடிவால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

என் பெயர் பாண்டுரங்கன். வல்லம் வடகால்தான் சொந்த ஊர். எங்கப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது ஒரு கம்பெனி கார் கதவுக்கு ரப்பர் பட்டை போடுகிறது. அதே கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். லைனில் நான் ‘ஸ்டாப்’ என்றால் பெல்ட் நிற்கும். வீட்டில் நான் ‘ஸ்டாப்’ என்றால் நான்தான் நிற்பேன்.

கரண்ட் கட்டணம் ஏறின நாளிலிருந்து எங்கள் பக்கம் வேறு பேச்சே கிடையாது. ஷிஃப்ட் பஸ்ஸில் அதே பேச்சு. சலூனில் அதே பேச்சு. சலூன்காரர் ஆவேசப்பட்டு என் ஒரு கிருதாவைத் தனியாருக்குத் தாரை வார்த்துவிட்டார். டீக்கடையில் மட்டும் நான் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பாய்லர் சத்தத்தைவிட என் சத்தம் பெரிது.

“வூட்டுக்காரன் மேல ஒரு தப்பும் கிடையாதுபா! ஃபேன் போட்டா பில் ஏறிடுமா? லைட்டு போட்டா ஏறிடுமா? எல்லாம் கொள்கைபா, கொள்கை! ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா ரீடிங் எடுக்கறானே, அது யாரு கொள்கை? வெளிய போய் கரண்ட் வாங்கறானே, அது யாரு கொள்கை?”

கைதட்டுவார்கள். ஒருவர் எனக்கு மசால் வடை வாங்கித் தந்ததும் உண்டு.

வீட்டில் கதையே வேறு. செருப்பைக் கழற்றி உள்ளே காலை வைத்ததும் நானே அரசாங்கமாகிவிடுவேன்.

“கலை, அரசாங்கம் இன்னா பண்ணும்? பாவம்! கொள்கை இன்னா பண்ணும்? கிரைண்டரைப் போட்டது யாரு? நீ. மிக்ஸியைப் போட்டது யாரு? நீ.”

“துன்னது யாரு?” என்றாள் கலைமதி.

என் மனைவி. அமைச்சர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்கிற அவை நாகரிகம் அவளுக்குத் தெரியாது.

“கத்திரி வெயிலுங்க. தோசைக்கல்லு மேல தோசைக்குப் பதிலா நான் நின்னுக்கினு கீற மாதிரி கீது. அடுப்பாண்ட ஒரு ஃபேன் மாட்டித் தாங்கன்னு எத்தினி நாளா கேக்கறேன்?”

“அடுப்பாண்ட ஃபேன் மாட்டினா அடுப்பு அணைஞ்சிடும். மறுபடியும் பத்த வெக்கணும். கேஸ் வீணாப் போவும். கேஸ் விக்கிற வெலை தெரியுமா உனக்கு?”

“அணையாத மாதிரி மாட்டுங்க.”

“அதுக்கெல்லாம் எஞ்சினியர் வரணும்.”

“நீங்க சூப்பர்வைசருதானே?”

“நான் ரப்பர் சூப்பர்வைசர்டி.”

“அதான் இழுத்துக்கினே கீறீங்க.”

ஏசியும் ஒன்று இருந்தது. போன தீபாவளி போனஸில் வாங்கினது. வந்த முதல் பில்லைப் பார்த்ததும் அதற்கு ஒரு தலையணை உறையை மாட்டி மூடிவிட்டேன். ரிமோட் கலைமதி கையில் சிக்கக்கூடாது என்பதற்காக, தினமும் சாப்பாட்டுப் பையில் போட்டு கம்பெனிக்கு எடுத்துப் போவேன். வத்தக்குழம்பு வாசனை அடிக்கிற ஒரே ஏசி ரிமோட் தமிழ்நாட்டிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மற்ற துறைகளிலும் சீர்திருத்தம் நடந்தது. டிவி சத்தத்தைக் குறைத்தால் கரண்ட் மிச்சமாகும் என்றேன். ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் என்ன எடுக்கப் போகிறோம் என்று மனசுக்குள் முடிவெடுத்துவிட்டுத் திறக்க வேண்டும் என்றேன். கலைமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எதிர்த்துப் பேசுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. திருந்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. செயலாளர் ராஜசேகர் பட்டிமன்றம் ஏற்பாடு செய்திருந்தார். தலைப்பு: ‘வீட்டு மின்கட்டணம் எகிறக் காரணம் அரசின் கொள்கையே! வீட்டாரின் பழக்கமே!’ நடுவர், வாலாஜாபாத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பலராமன் ஐயா. ஜெயிக்கிற அணியின் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி ‘மின்சொல் வேந்தர்’ பட்டமும் தருவதாக அறிவிப்பு.

இன்சொல் வேந்தர் கேள்விப்பட்டிருக்கிறேன். மின்சொல் வேந்தர்! எனக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது. கொள்கை அணிக்கு நான் தலைவர். பழக்க அணிக்கு முப்பிடாதி.

முப்பிடாதி கயத்தாறு பக்கத்துக்காரன். எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கிறான். என் லைனில்தான் வேலை. பேச்சு என்று வந்துவிட்டால் அவனுக்கு மூச்சு தேவையில்லை.

“அண்ணாச்சி, மேடையில கொஞ்சம் வெளுத்துருவேன். மனசுல வச்சுக்கிடாதீய” என்றான் மாடிப்படியில் நின்றுகொண்டு.

“அப்படி இன்னா பேசிடுவ?”

“எங்க ஊரு கரண்ட் காத்தாடி சுத்துத மாதிரி சுத்துவேன்லா? உங்க வீட்டு பாத்ரூமுல ஆளில்லாமலே லைட்டு எரியுது. யாரு அணைக்காம வாரான்னு மேல நின்னு பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அதை எடுத்து விட்டேன்னு வைங்க, கூட்டம் தாங்காது.”

எனக்கு ஷாக் அடித்தது. எர்த் கொடுக்காத ஷாக். அணைக்காமல் வருவது நான்தான். வெளியே வரும்போது அரசின் கொள்கையைப் பற்றி யோசித்துக்கொண்டே வருவேன். கை சுவிட்சுக்குப் போகாது.

அன்றைக்கு வேலையிலேயே ஒரு யோசனை பளிச்சென்று எரிந்தது. மூளைக்கு மீட்டர் கிடையாது என்பது எவ்வளவு நல்ல விஷயம்!

“முப்பிடாதி, ஞாயித்துக்கிழமை ஓ.டி. இருக்கு. ரெட்டைச் சம்பளம். யாரு யாரோ கேட்டாங்க. உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்.”

“ஞாயித்துக்கிழமையா? பட்டிமன்றம்லா அண்ணாச்சி?”

“தமிழ் எங்கயும் போயிடாது. ஓ.டி. போயிடும்.”

அவன் ரெட்டைச் சம்பளத்தை விரல் விட்டு எண்ணினான். பிறகு கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணாச்சி, எதிரணிக்காரனுக்கும் நல்லது நெனைக்கீயளே! நீங்கதான் மனுசன்.”

சாயந்திரமே ராஜசேகர் பதறிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“சார், முப்பிடாதி வரலையாம். எதிரணிக்குத் தலைவரே இல்லை. அழைப்பிதழ் எல்லாம் குடுத்தாச்சு. இப்போ ஆளுக்கு எங்க போவேன்?”

நான் மோவாயைத் தடவினேன். கலைமதி ராஜசேகருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். அவளைப் பார்த்ததும் யோசனையின் இரண்டாவது பல்பும் எரிந்தது.

“பொம்பளைங்க யாரும் பேசலைன்னு ஒரு குறை கீதுல்ல? எங்க வூட்டம்மாவைப் போடுங்க.”

ராஜசேகர் மோரை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். “சார், சொந்தச் சம்சாரத்தையே எதிரணிக்கு… இந்த மனசு யாருக்கு வரும்!”

“ஐயோ, எனக்கு மேடையெல்லாம் வராதுங்க” என்றாள் கலைமதி.

அதுதானே வேண்டும்!

“நான் கீறேன்ல? நீ பேச வேண்டியதை நானே எழுதித் தரேன்.”

“நீங்க சொன்னதைப் பேசினாப் போதுமா?”

“போதுமாவா? நான் சொன்னதைத் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது!”

“அப்புறம் மாத்திப் பேசக்கூடாது நீங்க.”

“நான் எங்கடி மாத்திப் பேசப்போறேன்? நீ மாத்தாம பேசு. சத்தியம் பண்ணு.”

மிக்ஸி மேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினாள்.

உட்கார்ந்து எழுதினேன். தோற்பதற்கென்றே இப்படி ஒரு பேச்சை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ‘நடுவர் அவர்களே, எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஆரம்பம். ‘எதிரணித் தலைவர் பேசியதே எனக்கும் சரியாகப் படுகிறது’ என்பது நடு. ‘வாய்ப்புக்கு நன்றி’ என்பது முடிவு. கலைமதி தாளை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘நடுவர்’ என்ற இடத்திலேயே நடுங்கினாள். எனக்குப் பரம திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சமுதாயக்கூடம் நிரம்பி வழிந்தது. வல்லம் மட்டுமில்லை, ஒரகடம், மணிமங்கலம் வரைக்கும் ஜனம் வந்திருந்தது. பாதிப் பேர் பெண்கள். பலராமன் ஐயா நடுவில். நான் வலது பக்கம். கலைமதி இடது பக்கம், நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி.

முதல் பேச்சு என்னுடையது. சும்மா சொல்லக்கூடாது, பொளந்து கட்டிவிட்டேன்.

“நடுவர் அவர்களே! தெற்கே காற்று வீசுகிறது. மேலே வெயில் காய்கிறது. காற்றுக்குக் காசு கேட்கவில்லை கடவுள். வெயிலுக்கு வரி போடவில்லை கடவுள். நடுவில் இருப்பவர்கள் போடுகிறார்கள்! மாதம் ஒரு முறை ரீடிங் எடுத்தால் சிறிய கட்டண ஸ்லாபில் நிற்கிற வீடு, இரண்டு மாதத்தைச் சேர்த்து எடுத்தால் பெரிய ஸ்லாபுக்குத் தாவுகிறதே, தாவியது வீடா? தாவ வைத்தது கொள்கையா?”

“கொள்கை!” என்று கூட்டம் கத்தியது.

“எங்கள் வீட்டுப் பெண்கள் பாவம்! ஒரு ஃபேன், ஒரு மிக்ஸி! அவர்கள் மேல் பழி போடுகிறவன் மனிதனா?”

பெண்கள் பக்கமிருந்து வந்த கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இப்போது எதிரணித் தலைவர், திருமதி கலைமதி பாண்டுரங்கன்” என்றார் நடுவர். “வீட்டுக்குள்ளேயே எதிரணியா? சபாஷ்!”

கலைமதி எழுந்து மைக்குக்கு வந்தாள். கையில் தாள் இல்லை. மறந்துவிட்டாள் போல என்று பரிதாபப்பட்டேன்.

“நடுவர் ஐயா, எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு தெரியாது. எங்க வூட்டுக்காரரு சொன்னதைத் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. சத்தியமும் வாங்கிட்டாரு. அதனால அவரு சொன்னதை மட்டும்தான் பேசப்போறேன்.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

“எங்க வூட்டுக்காரரு சொன்னாரு: ‘அரசாங்கம் இன்னா பண்ணும், பாவம்? கிரைண்டரைப் போட்டது யாரு? நீ.’”

என் சிரிப்பில் ஃபியூஸ் போனது.

“அவரு சொன்னாரு: ‘கொள்கை மேல தப்பே கிடையாது. எல்லாம் பொம்பளைங்க பழக்கம்.’ அவரு சொன்னாரு: ‘அடுப்பாண்ட ஃபேன் போட்டா அடுப்பு அணையும், குடும்பம் அழியும்.’ டிவி சத்தத்தைக் கம்மி பண்ணா கரண்ட் கம்மியாவும்னு அவருதான் சொன்னாரு. அதுலேர்ந்து நாங்க நியூஸை வாயசைவை வெச்சுப் பாத்துக்கினு கீறோம். ஏசி ரிமோட்டை தினமும் கம்பெனிக்கு இட்டுக்கினு போறாரு, ஐயா. அது நிறைய ஊர் பாத்துடுச்சு. நான்தான் வூட்டுலயே கீறேன்.”

பலராமன் ஐயா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“எங்க அணியில இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல. இவ்ளோ நல்லா எங்க அணிக்காக எங்க வூட்டுக்காரரு பேசியிருக்காரு. அவரு வூட்டுல சொன்னது நிஜம்னா, எங்க அணி ஜெயிச்சாச்சு. பொய்யின்னா, அவரே மைக்குல வந்து பொய்யின்னு சொல்லட்டும். எல்லார் எதிர்லயும். வாய்ப்புக்கு நன்றி.”

நான் எழுதித் தந்த பேச்சிலிருந்து அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“கொள்கை அணித் தலைவர் பதில் சொல்லலாம்” என்றார் நடுவர்.

எழுந்தேன். எழுந்து மைக் வரைக்கும் போவதற்குள் யோசித்துப் பார்த்தேன். வீட்டில் சொன்னது நிஜம் என்றால் பொன்னாடை போச்சு, பட்டம் போச்சு, டீக்கடை போச்சு. பொய் என்றால் வீடு போச்சு. பிளஸ்ஸைத் தொட்டாலும் அடிக்கும், மைனஸைத் தொட்டாலும் அடிக்கும். கீழே பார்த்தேன். ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராஜசேகர் பொன்னாடையைப் பிரித்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். ஜரிகை மின்னியது.

“நடுவர் அவர்களே! வீட்டில் நான் சொன்னது… சும்மா!”

“எது எது சும்மான்னு சொல்லட்டும் ஐயா” என்றாள் கலைமதி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. “கிரைண்டர்?”

“ஓட்டலாம்!” என்றேன்.

கைதட்டல்.

“டிவி சத்தம்?”

“எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம்!”

பெரிய கைதட்டல். விசில்.

“அடுப்பாண்ட ஃபேன்?”

“மாட்டலாம்! அடுப்பு அணையாது! அணைந்தால் என் பெயர் பாண்டுரங்கன் இல்லை!”

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. எனக்குள் என்னமோ பாய்ந்தது. அவ்வளவு கைதட்டலை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. கலைமதி அடுத்ததைக் கேட்பதற்கு முன்னால் நானே கையை உயர்த்தி முழங்கினேன். “தாய்மார்களே! ஏசியைப் போடுங்கள்! இன்றே போடுங்கள்! உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை! யாராவது கேட்டால் பாண்டுரங்கன் சொன்னான் என்று சொல்லுங்கள்!”

தகரம் பிய்ந்துகொண்டு போகாதது அதிசயம்.

தீர்ப்பு சொல்ல பலராமன் ஐயா அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. “எதிரணித் தலைவர் வைத்த சாட்சியே எதிரணிக்கு எதிராகப் பிறழ்ந்துவிட்டதால், கட்டணம் எகிறக் காரணம் அரசின் கொள்கையே, வீட்டார் நிரபராதிகள்!”

மேளம் அடித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ‘மின்சொல் வேந்தர் பாண்டுரங்கன்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்து லேமினேட் செய்த பெரிய அட்டையைக் கையில் கொடுத்தார்கள். பெண்கள் வரிசையில் நின்று என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆண்கள் மட்டும் ஏனோ ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, “இன்னா சார், இப்படிப் பண்ணிட்டியே” என்று சொல்லிவிட்டு, மனைவி இழுத்த இழுப்புக்குப் போனார்.

அதையெல்லாம் நான் கவனிக்கவில்லை. பைக்கில் வரும்போது கலைமதிக்கு ஆறுதல் சொன்னேன்.

“தோத்துட்டோம்னு கவலைப்படாதே, கலை. மொத தபா மேடை ஏறினதுக்கு நல்லாவே பேசின.”

“யாரு தோத்தா?” என்றாள் பின்னாலிருந்து. “கடைத்தெருவுல நிறுத்துங்க. ஃபேன் வாங்கணும்.”

வாங்கினோம். பொன்னாடையோடு ஏணி மேல் ஏறி நானே மாட்டினேன். அடுப்பு அணையவில்லை. ஊரறிய அணையாது என்று சொன்ன பிறகு அது எப்படி அணையும்? கிரைண்டர் ஓடியது. டிவியில் செய்தி வாசிக்கிற அம்மா அடுத்த தெருவுக்கும் சேர்த்து வாசித்தாள். கலைமதி என் சாப்பாட்டுப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து, துணியால் துடைத்து, ஏசியின் தலையணை உறையை உருவி எறிந்துவிட்டு, ஒரு அழுத்து அழுத்தினாள். ஜில்லென்று காற்று வந்தது. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பில்லை நினைத்ததும் அது போய்விட்டது.

வெளியே எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்க ஏசி ஓடுகிற உறுமல். எதிர் வீட்டில், பக்கத்து வீட்டில், அதற்கடுத்த வீட்டில். பாண்டுரங்கன் சொன்னான் என்று எல்லா வீட்டிலும் போட்டிருந்தார்கள். என் பேச்சுக்கு எவ்வளவு பவர் என்று நான் மலைத்து நின்றுகொண்டிருக்கும்போதே தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் ‘டமால்’ என்றது.

உறுமல் நின்றது. டிவி அம்மா பாதி வார்த்தையில் போனாள். பொழுது சாய்கிற நேரம். வீடு மங்கியது. காற்று அடியோடு செத்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். உள்ளே ஓடினேன்.

“பாத்தியா! பாத்தியாடி! எல்லாரும் ஒரே நேரத்துல ஏசியைப் போட்டீங்க, லோடு தாங்காம வெடிச்சிடுச்சு! நான் வூட்டுல சொன்னேனே, எல்லாம் உங்க பழக்கம்தான்!”

கலைமதி கண்ணைத் திறக்கவில்லை.

“அப்படியா? அப்ப தீர்ப்பு தப்பா? சரி. அந்த அட்டையையும் துண்டையும் எடுத்துக்கினு போய் பலராமன் ஐயாகிட்ட திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க. வாலாஜாபாத்துக்கு இன்னும் பஸ் கீது.”

அட்டையைப் பார்த்தேன். தங்க எழுத்து அந்த மங்கலிலும் மின்னியது.

“அது… இல்ல கலை. யோசிச்சுப் பாத்தா, பெரிய டிரான்ஸ்ஃபார்மரா வெச்சிருக்கணும். அது கொள்கை முடிவு.”

“எங்க மேல தப்பு?”

“துளியும் இல்ல.”

“அப்ப இன்னா நின்னுக்கினு கீறீங்க? புழுங்குது. வீசுங்க.”

விசிறி தேடினேன். எங்கள் வீட்டில் விசிறி கிடையாது. கையில் அட்டைதான் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீச ஆரம்பித்தேன். லேமினேட் செய்த அட்டை, நன்றாகவே காற்று வந்தது. ‘மின்சொல் வேந்தர் பாண்டுரங்கன்’ அவள் முகத்துக்கு நேரே மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தான்.

கலைமதி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“ஒண்ணுல ஓடுது. அஞ்சுல வைங்க.”